அயோ என்றால் எலும்பு

பர்மிய மொழியில் எலும்புக்கு 'அயோ' என்று பெயர். எலும்பு முறிந்தால் 'அயோ ச்சோ'. 2017 ஆடி மாதம், பர்மாவில் பெகு நகருக்கு வெளியே ஒரு வயல்வெளிச் சாலையில் சேற்றில் விழுந்து கிடந்தேன். சுற்றி நின்றவர்கள் ஆளாளுக்கு "அயோ ச்சோ, அயோ ச்சோ" என்றார்கள். எனக்கு அந்த நேரத்தில், பர்மாக்காரர்கள் எல்லாரும் தமிழில் பரிதாபப்படுவதாகத்தான் தோன்றியது. வலியில் மூளை அப்படித்தான் வேலை செய்யும் போல.

ரங்கூன் நகருக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தடை உண்டு. அதனால் எங்களைப் போன்றவர்களுக்கு வண்டிப் பழக்கம் குறைவு, ஆசை மட்டும் அதிகம். பெகு பக்கம் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனால் மச்சானின் வண்டியை வாங்கி ஒரு சுற்று போய் வருவது என் வழக்கம். அன்றைக்கும் போனேன். மழைத் தூறல், எதிரே மாட்டு வண்டி, குறுக்கே நாய். மூன்றில் நாய்க்கு மட்டும்தான் நான் வழிவிட்டேன்.

எழுந்திருக்கப் பார்த்தேன். இடது கால் வரவில்லை. லுங்கியை விலக்கிப் பார்த்தால், தொடை நடுவில் வில் மாதிரி வளைந்து புடைத்திருந்தது. பாதம் வெளிப்பக்கம் சரிந்து, யாரோ கழற்றி வைத்த செருப்பைப் போலக் கிடந்தது. ஒரு சொட்டு ரத்தம் வெளியே வரவில்லை. "ரத்தமே இல்லையே, பெரிய அடி இல்லை" என்றார் ஒரு பெரியவர். இதைவிடத் தவறான ஆறுதல் கிடையாது. தொடை எலும்பு முறிந்தால் தோல் கிழியாமலே ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் ரத்தம் தொடைக்குள்ளேயே தேங்கிவிடும். உடம்பில் மொத்தமே ஐந்து லிட்டர்தான்.

அந்தப் பெரியவரே அடுத்ததாக, இரண்டு மைல் தள்ளி எலும்பு கட்டுகிற ஒருவர் இருக்கிறார், எண்ணெய் போட்டுக் கட்டினால் ஒரு மாதத்தில் நடக்கலாம் என்றார். மச்சான் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது என்று தெரிந்தது. நம் ஊர் புத்தூர் கட்டு மாதிரிதான், செலவும் குறைவு. அப்போதுதான் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பர்மிய அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தார். அந்தக் காலத்தில் நர்ஸாக இருந்தவராம். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வேலியிலிருந்து இரண்டு மூங்கிலை உருவச் சொன்னார், நின்றவர்களிடம் நாலு லுங்கி கேட்டார். என் குதிகாலைப் பிடித்து, மெதுவாக, விடாமல், நேராக இழுத்தார். நான் போட்ட கூச்சலில் மாடு மிரண்டது. ஆனால் இழுத்துப் பிடித்த அந்த நொடியில் வலி பாதியாக இறங்கியது, அதுதான் எனக்கு ஆச்சரியம். மூங்கிலை இருபுறமும் வைத்து, உடைந்த காலை நல்ல காலோடு சேர்த்துக் கட்டிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெயர் கேட்கவில்லை. லுங்கிகளையும் யாருக்கும் திருப்பித் தரவில்லை.

அவர் செய்தது என்ன என்று பிறகுதான் புரிந்தது. உடம்பிலேயே நீளமான, உறுதியான எலும்பு தொடை எலும்பு. அதைச் சுற்றியுள்ள தசைகளும் அதே மாதிரி முரட்டுத் தசைகள். எலும்பு முறிந்ததும் அவை சுருண்டு இழுக்க, உடைந்த இரு முனைகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். கால் குட்டையாகும், கூர்முனை உள்ளே சதையைக் கிழிக்கும். கை எலும்புக்குக் கட்டுகிற மாதிரி மேலே கட்டுப் போட்டால் இந்த இழுப்பு நிற்காது. லிவர்பூல் நகரில் ஹ்யூ ஓவன் தாமஸ் என்று ஒரு டாக்டர் 19-ஆம் நூற்றாண்டில் முழங்கால் மூட்டு நோய்க்காக ஒரு கம்பிச் சட்டம் செய்தார், இந்த இழுப்புக்கும் அது பொருந்தியது. இடுப்படியில் ஒரு வளையம், காலின் இருபுறமும் கம்பி, அடியில் இழுத்துக் கட்ட வசதி, அவ்வளவுதான். அவருடைய உறவினர் ராபர்ட் ஜோன்ஸ் முதல் உலகப் போரில் அந்தச் சட்டத்தைக் களத்துக்குக் கொண்டுபோன பிறகு, தொடை முறிந்த சிப்பாய்கள் சாவது வெகுவாகக் குறைந்தது. எனக்குப் பிடித்தது வேறு விஷயம். அந்தத் தாமஸ் பரம்பரையாக எலும்பு கட்டுகிற குடும்பத்தில் பிறந்தவர். அப்பா மருத்துவம் படிக்காத நாட்டு வைத்தியர். அதனால் எலும்பு கட்டுபவர்களை நான் இப்போதும் ஏளனமாகப் பேசுவதில்லை. தொடையை மட்டும் அவர்களிடம் கொடுக்காதீர்கள் என்பேன்.

அங்கிருந்து ரங்கூன் ஐம்பது மைல். 'பரஹிதா' குழுவின் ஆம்புலன்ஸ் வந்தது. பர்மாவில் இலவசமாகப் பிணம் எடுப்பதும் நோயாளி ஏற்றுவதும் இந்தக் குழுக்கள்தான். சொல் நம்முடைய பரஹிதம்தான், பாலி வழியாக இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. வழியில் ஓர் ஆஸ்பத்திரியில் படம் எடுத்து ஊசி போட்டு அனுப்பினார்கள். ரங்கூனில் டாக்டர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். தொடை நடு மட்டும்தான் அதில் இருந்தது. எலும்பு முறிந்தால் மேல் மூட்டும் கீழ் மூட்டும் தெரியும்படி எடுக்க வேண்டுமாம். வண்டி விபத்தில் தொடை நடுவோடு சேர்த்து இடுப்புக்குள் போகிற கழுத்துப் பகுதியிலும் மெல்லிய கீறல் விழுவது உண்டு, பெரிய முறிவைப் பார்க்கிற அவசரத்தில் சின்னது கண்ணில் படாமல் போய்விடும் என்றார். மறுபடி எல்லாவற்றையும் எடுத்தார்கள். நல்லவேளை, கழுத்து தப்பியிருந்தது.

உடனே அறுவை கிடையாது. வரிசை நீளம். அதுவரை இழுப்பு. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் குறுக்காக ஒரு கம்பியைச் செருகி, அதில் கயிறு கட்டி, கட்டில் முனையில் உருளை வழியாக மணல் மூட்டையைத் தொங்கவிட்டார்கள். கட்டிலின் கால்மாட்டுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல். அந்தச் செங்கலைப் பார்த்ததும் எனக்கு என் கால் மறந்துபோனது, அப்பாவின் கால் ஞாபகம் வந்தது.

1979-இல் அப்பா தன்லினில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை அடுக்குகிறவர். நாங்கள் அந்த ஊரைச் சிரியம் என்போம். அடுக்கு சரிந்து அவர் மேல் விழுந்தது. இடது தொடைதான், என்னுடையதைப் போலவே. அவருக்கும் இதே கம்பி, இதே கயிறு, இதே செங்கல். வித்தியாசம் என்னவென்றால் அவருக்கு அது காத்திருப்பு அல்ல, அதுவேதான் வைத்தியம். 97 நாள் மல்லாந்து படுத்திருந்தார். அம்மா சுவரில் கரியால் கோடு போட்டு எண்ணியிருக்கிறார். முதுகில் படுக்கைப் புண் வந்தது. முழங்கால் மடங்காமல் கட்டையாகிவிட்டது. ஆலையில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். பாட்டியின் தோடு போனது. கடைசியில் எலும்பு கூடத்தான் செய்தது, ஆனால் ஏறினபடியே கூடியது. ஒன்றரை அங்குலம் குட்டை.

தொண்ணூறு நாள் படுக்கையில் கிடந்த ஒரு மனிதனுக்கு எலும்பு கூடுவது மட்டும் குணமாவது ஆகாது. முறிவை விடப் படுக்கை அவரிடமிருந்து அதிகம் எடுத்துக்கொண்டது. அவருடைய இடது செருப்பின் அடியில் சைக்கிள் டயரை வெட்டி மூன்று அடுக்கு வைத்துத் தைத்திருக்கும். புதுச் செருப்பு வாங்கினால் முதல் வேலையே அந்தத் தையல்தான், தானே உட்கார்ந்து தைப்பார். சின்ன வயதில் அவரைப் பார்த்து நானும் சாய்ந்து சாய்ந்து நடந்திருக்கிறேன். ஆண்பிள்ளைகள் அப்படித்தான் நடப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு. அம்மா முதுகில் ஒன்று வைத்த பிறகு நிறுத்தினேன்.

சரி, என் கட்டிலுக்கு வருகிறேன்.

காத்திருந்த நாட்களில் தினமும் காலையில் ஒரு நர்ஸம்மா, இங்கே 'ஸயாமா' என்போம், வந்து என் பெயரைக் கேட்பார். இன்று என்ன கிழமை என்பார். அப்புறம் சட்டையைத் தூக்கி டார்ச் அடித்து நெஞ்சையும் அக்குளையும் பார்ப்பார். என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. "தொடை ஒடைஞ்சதுக்கு நெஞ்சில என்னத்தைத் தேடுறாங்க?" என்றாள். டாக்டரிடமே கேட்டேன். பெரிய எலும்பு முறியும்போது உள்ளிருக்கும் மஜ்ஜைக் கொழுப்பு துளித்துளியாக ரத்தத்தில் கலந்து நுரையீரலில் போய் அடைக்கலாம், முதல் மூன்று நாள்தான் பயம் என்றார். மூச்சு வாங்குவது, புத்தி குழம்புவது, நெஞ்சில் கடுகு போலச் சிவப்புப் புள்ளி, இவைதான் அடையாளம். கிழமை கேட்டது என் புத்தியைச் சோதிக்கத்தான். எலும்பைச் சீக்கிரம் நிலைநிறுத்தினால் இந்த ஆபத்தும் நுரையீரல் கோளாறும் குறையும் என்பதால்தான், வசதியுள்ள இடங்களில் உடம்பு தாங்குகிறவர்களுக்கு 24 மணி நேரத்துக்குள் அறுவை செய்கிறார்கள். எனக்கு ஐந்தாம் நாள்.

அந்த ஐந்து நாளும் நோயாளிக்குத் துணை இருப்பவர்கள்தான் ஆஸ்பத்திரியை நடத்துகிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். பர்மியத்தில் 'லூநாசவுங்'. கட்டிலுக்கு அடியிலேயே பாய் விரித்துத் தூங்குவார்கள். மருந்துச் சீட்டோடு வெளியே ஓடுவது, படத்தை உறையில் போட்டுத் தூக்கித் திரிவது, ரத்தம் கொடுக்க ஆள் பிடிப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. மச்சான் இரண்டு பேரைப் பிடித்து வந்தார். ஒருவர் எங்கள் தெரு டீக்கடைத் தம்பி, இன்னொருவர் முன்பின் தெரியாத பர்மிய மாணவன். கொடுத்துவிட்டுக் கும்பிட்டான். நான்தானே கும்பிட வேண்டும்? இங்கே கொடுப்பவனுக்குத்தான் புண்ணியம், அதனால் அவன்தான் நன்றி சொல்வான்.

அறுவை முதுகில் ஊசி போட்டுத்தான். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, காது மட்டும் முழுதாக வேலை செய்கிறது. ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். முகத்துக்கு முன் பச்சைத் துணி. முதலில் ஒரு சுரண்டல். தேங்காய் துருவுகிற சத்தம் என்று சொன்னால் மிகையில்லை. எலும்பின் உள்குழாயைக் கையாலேயே திருகித் திருகி அகலப்படுத்துகிறார்கள். சன்னமான துருவியில் தொடங்கிப் படிப்படியாகத் தடித்தது. பிறகு தட்டல். 'ணங்... ணங்...' மொகல் தெருப் பக்கம் பாத்திரப் பட்டறை வாசலில் நிற்பது போல. ஒவ்வொரு தட்டலுக்கும் உடம்பு முழுவதும் மேசையில் ஒரு நூல் மேலே நகர்கிறது. வலி இல்லை. ஆனால் தன் எலும்புக்குள் ஆணி அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா படுத்திருப்பது ஒரு தினுசான அனுபவம். சத்தத்தின் சுதி மாறியதும், மங்கலாக இருந்தது கணீரென்று ஆனதும், டாக்டர் "கவுன்டே" என்றார். நல்லது என்று அர்த்தம்.

எலும்புக்குள் கம்பி போடுகிற இந்த முறை ஜெர்மனிக்காரர் கெர்ஹார்ட் குன்ட்ஷர் கீல் நகரில் 1939-இல் செய்து காட்டியது. அன்றைக்குப் பெரிய டாக்டர்கள் பலருக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது, மஜ்ஜையைக் கெடுத்தால் எலும்பு எப்படிக் கூடும் என்று. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியில் பிடிபட்டுத் திரும்பிய நேச நாட்டு வீரர்களைப் படம் எடுத்துப் பார்த்தபோதுதான், தொடைக்குள் நீளமாக ஒரு கம்பியோடு அவர்கள் நடந்து வந்திருப்பது வெளியே தெரிந்தது. அப்புறம் கம்பியின் இரு முனையிலும் குறுக்காகத் திருகாணி போட்டுப் பூட்டும் முறை வந்தது. பூட்டினால் எலும்பு சுழலாது, குட்டையாகாது. அப்பாவுக்கு அது இருந்திருந்தால் அந்தச் செருப்புத் தையல் இல்லை.

ஆனால் பூட்டுவதில் ஒரு சிக்கல். கம்பியில் இருக்கும் ஓட்டை எலும்புக்குள் மறைந்திருக்கும். வெளியிலிருந்து துளைபோட்டு அதைச் சரியாகப் பிடிக்க, அறுவை நடக்கும்போதே படம் காட்டும் இயந்திரம் வேண்டும். அதற்கு விலை அதிகம், மின்சாரம் வேண்டும், கெட்டுப்போனால் பழுது பார்க்க ஆள் வேண்டும். வியட்நாம் போரில் டாக்டராக இருந்த லூயிஸ் ஜிர்கில் என்ற அமெரிக்கர் இதற்காகவே ஒரு கம்பியை வடிவமைத்தார். 1999-இல் 'சைன்' என்ற அமைப்பைத் தொடங்கினார். கம்பியோடு வெளியே ஒரு நீண்ட கையைப் பொருத்துவார்கள். அந்தக் கையில் இருக்கும் ஓட்டை, உள்ளே இருக்கும் ஓட்டைக்கு நேராக நிற்கும். படம் காட்டும் இயந்திரம் தேவையில்லை. துளைக்குள் ஒரு குச்சியை விட்டுத் தடவி, கம்பியின் ஓட்டை இதுதான் என்று கை உணர்விலேயே உறுதி செய்துகொள்கிறார்கள். ஏழை நோயாளிகளுக்குக் கம்பி இலவசம். பதிலுக்கு ஆஸ்பத்திரி ஒவ்வொருவரின் படத்தையும் கணினியில் ஏற்றி அனுப்ப வேண்டும். என் தொடைக்குள் இருப்பது அந்தக் கம்பிதான். 10 மில்லிமீட்டர் தடிப்பு, 36 சென்டிமீட்டர் நீளம். எங்கள் அத்தை வைத்திருக்கும் பூரிக்கட்டையை விடச் சற்று நீளம்.

மறுநாளே எழுப்பி நிறுத்தினார்கள். எட்டாம் நாள் வீடு. அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஊன்றுகோலோடு நான் ஆட்டோவிலிருந்து இறங்குவதைப் பார்த்தார். "எட்டு நாளா?" என்றார். "ஆமாப்பா." எழுந்து உள்ளே போய்விட்டார். சந்தோஷமா, வேறு ஏதாவதா, இன்றுவரை நான் கேட்கவில்லை.

எல்லாரும் கம்பிதான் எலும்பைக் கூட்டுகிறது என்று நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். டாக்டர் சிரித்தார். கம்பி வெறும் தாங்குகோல். கூடுவது எலும்பின் சொந்த வேலை. முறிந்த இடத்தில் தேங்கிய ரத்தம் உறைந்து, அது நார்த் திசுவாகி, குருத்தெலும்பாகி, பிறகு மொரமொரப்பான புது எலும்பாக இரு முனையையும் சுற்றி வளர்கிறது. இதற்குக் கொஞ்சம் அசைவு வேண்டும். துளிகூட அசையாமல் இறுக்கினால் இந்தப் புது எலும்பு உருண்டு வளராது, ரொம்ப ஆடினாலும் கூடாது. காலை ஊன்ற ஊன்றத்தான் அது எந்தப் பக்கம் தடிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்கிறது. பாரம் விழும் திசையைப் பார்த்து எலும்பு தன்னை மாற்றிக்கொள்ளும் என்று யூலியஸ் வோல்ஃப் 1892-லேயே எழுதிவிட்டார். எலும்பு கூடாமலே நடந்துகொண்டிருந்தால் ஒருநாள் கம்பியே சோர்ந்து முறிந்துவிடுமாம். "எலும்புக்கும் கம்பிக்கும் ஓட்டப் பந்தயம். எலும்பு ஜெயிக்கணும்" என்றார் டாக்டர்.

ஆறாம் வாரப் படத்தில் முறிவைச் சுற்றி லேசாகப் புகை படிந்த மாதிரி ஒன்று தெரிந்தது. அதுதான் புது எலும்பு. மனைவிக்கு எதுவும் தெரியவில்லை, எனக்கும் உண்மையில் தெரியவில்லை, டாக்டர் விரலால் காட்டியதும் தெரிந்த மாதிரித் தலையாட்டினேன். பன்னிரண்டாம் வாரத்தில் எனக்கே தெரிந்தது. முன்னும் பக்கமுமாக எடுத்த இரண்டு படத்தில் மொத்தம் நாலு ஓரம், அதில் மூன்றில் பாலம் விழுந்துவிட்டால் கூடியதாகக் கணக்கு. எனக்கு அது பதினெட்டாம் வாரம்.

இடையில் வெற்றிலையை விட்டேன். இங்கே 'கூன்யா' புகையிலை வைத்து மடித்துத் தருவார்கள், தெருவுக்கு நாலு கடை. புகையிலையின் நிகோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்கும், எலும்பு கூடுவது தாமதமாகும் என்று டாக்டர் மிரட்டினார். தொடை ஒடிந்ததை விட அதுதான் கஷ்டமாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? அத்தை தினமும் ஆட்டுக்கால் சூப் கொடுத்து அனுப்புவார், வேலியிலிருந்து பிரண்டை ஒடித்துத் துவையலும். டாக்டர் சூப்பைக் குடிக்காதே என்று சொல்லவில்லை, அதில் சுண்ணாம்புச் சத்து பெரிதாக இல்லை, கூடவே முட்டையும் மீனும் சாப்பிடு என்றார். அத்தையிடம் இதை நான் சொல்லவில்லை.

உண்மையான சண்டை முழங்காலோடுதான். தொடைத் தசை ஒரு மாதத்தில் கரைந்து, கால் மூங்கில் மாதிரி ஆகிவிட்டது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு, கணுக்காலில் துணிப்பையில் ஒரு செங்கல் கட்டித் தூக்கி இறக்க வேண்டும். காலையில் முப்பது, மாலையில் முப்பது. எண்ணுகிற வேலை அப்பாவுடையது. இருபத்தெட்டை இரண்டு தடவை எண்ணுவார்.

கடைசிப் பரிசோதனையில் டாக்டர் செல்போனை எடுத்துக்கொண்டு, குத்துக்கால் வைத்து உட்கார், சிரி என்றார். படத்தோடு இதையும் அனுப்ப வேண்டுமாம். அடிவரை உட்கார்ந்து சிரிக்க முடிந்தால் எலும்பும் கூடியிருக்கிறது, முட்டியும் மடங்குகிறது, வலியும் இல்லை. எந்த ஸ்கேனும் இதைவிட நன்றாகச் சொல்லாது. நமக்கு இது பரீட்சைகூட இல்லை, கக்கூஸ் போக வேண்டும், தரையில் சாப்பிட வேண்டும், வாழ்க்கையே குத்துக்காலில்தானே ஓடுகிறது? அப்பாவால் 1979-க்குப் பிறகு அப்படி உட்கார முடிந்ததே இல்லை.

கம்பியை எடுக்க வேண்டாம், தொந்தரவு இல்லையென்றால் அப்படியே இருக்கட்டும் என்றார். "எரிச்சாலும் அது மிஞ்சும். அஸ்தியோட ஆத்துல போட முடியாது" என்று அத்தை கவலைப்பட்டார்.

அத்தைக்கு இன்னொரு கணக்கும் பாக்கி இருந்தது. நான் விழுந்த அன்றே பீலிக்கான் முனீஸ்வரர் கோயிலில் என் பெயரில் பூக்குழி நேர்ந்துவிட்டார். மார்ச் வந்தது. டாக்டரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். குழி எத்தனை அடி என்று விசாரித்தார். "நெருப்பைப் பற்றி எனக்குத் தெரியாது அகோ (அண்ணே), அது உங்கள் சாமி பாடு. ஓடாதே, வழுக்கி விழாதே. மறுபடி உடைந்தால் கம்பியையும் சேர்த்து எடுக்க வேண்டும்" என்றார்.

கோயிலுக்கு அப்பாவும் வந்தார். அவர் அதிகம் கோயிலுக்கு வருவதில்லை, ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. வாசலில் செருப்பைக் கழற்றியதும் அவர் உடம்பு ஒரு பக்கம் இறங்கிவிட்டது. வீட்டில், தெருவில் டயர் அடுக்கு மறைத்து வைத்திருந்த ஒன்றரை அங்குலம் கோயிலில் எல்லார் கண்ணிலும் படுகிறது.

குழியைத் தாண்டி நேராகப் பால் குழியில் இறங்கி, சிமெண்ட் தரையில் ஏறி நின்றேன். அப்பா பால் குழி ஓரத்திலேயே காத்திருந்தவர், தானும் பாலை மிதித்துக்கொண்டு என்னைப் பிடிக்க வந்தார். தரையில் எங்கள் இருவர் தடமும் ஈரமாக விழுந்தது. என்னுடையது இரண்டும் முழுப் பாதம். அவருடைய வலது முழுப் பாதம், இடது விரல்களும் முன்பாதமும் மட்டும், குதிகால் இல்லை. அவரும் குனிந்து அதைப் பார்த்தார். வெயிலில் அது காய்கிற வரை இருவரும் நின்றோம். அப்புறம், "செருப்பை எங்கடா விட்டோம்?" என்றார்.